லீஜியன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்: திரும்பப் படிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் இந்தத் தொடரை முதல் கதையிலிருந்து மீண்டும் படிக்கிறேன் என்று நான் யாரிடம் சொன்னாலும், அடுத்து வரும் கேள்வி எனக்கு முன்பே தெரிந்ததாகவே இருக்கிறது. புதிதாகப் படிக்கத் தொடங்கியவர் குழம்புகிறார். சிறுவயதில் படித்துப் பாதியில் விட்டவர் அவரைவிட அதிகமாகக் குழம்புகிறார். ஒரே விளக்கத்தைப் பலமுறை சொல்லிச் சலித்ததனால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக வைத்திருக்கிறேன். கதையின் முக்கியத் திருப்பங்கள் பலவும் இதில் வெளிப்படுகின்றன என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

லீஜியன் என்றால் யார்? இந்தக் கதை எந்தக் காலத்தில் நடக்கிறது?

லீஜியன் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய எதிர்காலத்தில், வெவ்வேறு கிரகங்களிலிருந்து வந்து சேர்ந்த இளைஞர்களின் குழு. பிரால் கிரகத்தின் ரோக் கிரின் காந்த ஆற்றல் கொண்ட காஸ்மிக் பாய். சனியின் துணைக்கோளான டைட்டனிலிருந்து வந்த இம்ரா ஆர்டீன் பிறர் மனத்தைப் படிக்கும் சாட்டர்ன் கேர்ள். வினாத் கிரகத்தின் கார்த் ரான்ஸ் மின்னலை ஏவும் லைட்னிங் லாட். தொடக்க உறுப்பினர்கள் இந்த மூவர். ஆர்.ஜே. பிராண்ட் என்ற பெருஞ்செல்வரைக் கொலைகாரர்களிடமிருந்து காப்பாற்றிய மூவரும், அவர் தந்த பணத்தில் குழுவைத் தொடங்கினார்கள் என்ற தோற்றக் கதை, குழு அறிமுகமாகிப் பத்து ஆண்டுகள் கழித்து, 1968இல்தான் எழுதப்பட்டது.

முதல் கதையில் அப்படி என்னதான் இருக்கிறது? மூன்று பேர் சேர்ந்து சூப்பர்பாயை ஏமாற்றும் கதைதானே?

ஆமாம், அதுதான் கதை. 1958 ஏப்ரல் தேதியிட்ட 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 247ஆம் இதழில் ஓட்டோ பைண்டர் எழுதி, ஆல் பிளாஸ்டினோ வரைந்தது. சூப்பர்மேனின் சிறுவயது வடிவமான சூப்பர்பாய் வாழும் ஸ்மால்வில் ஊரில் அந்நியர்கள் மூவர் அடுத்தடுத்துக் குறுக்கிட்டு, யாருக்கும் தெரியாத அவனுடைய இயற்பெயரான கிளார்க் கென்ட் என்பதைச் சொல்லிச் சூப்பர்பாயைத் திகைக்க வைக்கிறார்கள். பிறகு எதிர்காலத்துக்கு அழைத்துச் சென்று, தங்கள் சங்கத்தில் சேர்வதற்கு மூன்று போட்டிகள் வைக்கிறார்கள். ஒவ்வொரு போட்டியின் நடுவிலும் எங்கோ ஓர் ஆபத்து நேர்கிறது, அவன் போட்டியை விட்டுவிட்டு அதைத் தடுக்கப் பறக்கிறான், மூன்றிலும் தோற்கிறான். கேலிக்கு ஆளாகி அவன் வருந்தி நிற்கும்போதுதான், அந்த ஆபத்துகளையெல்லாம் ஏற்பாடு செய்தவர்கள் தாங்களே என்றும், புதிதாகச் சேர்பவரைச் சீண்டிப் பார்ப்பது வழக்கம் என்றும் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கல்லூரி விடுதி ராகிங் போன்ற இந்தச் சிறு கதையில் ஒரு குறிப்பைக் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூவரும் சூப்பர்பாயைத் தேடி வருவதற்குக் காரணம், அவன் அவர்களுடைய காலத்தில் பெரும் புகழ்பெற்ற வரலாற்று நாயகன் என்பதே. அவன் இல்லாவிட்டால் இவர்களுக்கு முன்மாதிரி இல்லை. இன்னொரு தொடருக்குச் சொந்தமான பாத்திரத்தின்மீது இந்தக் குழுவின் அடித்தளம் போடப்பட்டது; கீழே பேசப்போகும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கல்லை உருவியதால் வந்தவை.

சூப்பர்பாய் ஸ்மால்வில்லில் பள்ளிக்கூடம் போகிறான். அவன் எப்படி ஆயிரம் வருஷம் கழித்து வரும் குழுவிலும் இருக்க முடியும்?

தன் வேகத்தால் காலத்தின் எல்லையைக் கடந்து போய்வருவான். சாகசம் முடிந்ததும் புறப்பட்ட நாளுக்கே திரும்பிவிடலாம் என்பதால், வீட்டில் யாரும் தேடமாட்டார்கள். இதில் எழுத்தாளர்களுக்கு ஒரு வசதியும் இருந்தது, ஒரு சங்கடமும் இருந்தது. அவன் பெரியவனாகிச் சூப்பர்மேன் ஆவான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததால், லீஜியன் கதையில் அவன் சாகமாட்டான். ஆனால் மற்ற எவருக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது.

அறுபதுகளின் பிற சூப்பர்ஹீரோ இதழ்களிலிருந்து லீஜியனைப் பிரித்துக் காட்டியது இதுதான் என்பது என் கருத்து. அவர்களுடைய காலம் வேறு எந்த இதழோடும் பகிரப்படாத தனிக் காலம். எனவே அங்கே ஒருவர் சாகலாம், இருவர் மணந்துகொள்ளலாம், ஒரு கிரகமே அழியலாம். 1967இல் ஃபெர்ரோ லாட் சூரியனை விழுங்கும் சன்-ஈட்டரை அழிக்கத் தன்னையே பலியிட்டபோது, அவன் செத்தவனாகவே இருந்தான். அவனை உருவாக்கி, அடுத்த ஆண்டே சாகடித்த ஜிம் ஷூட்டர், இந்தத் தொடருக்கு எழுத வந்தபோது பதினான்கு வயதுப் பையன்.

ஏன் இவ்வளவு பேர்? பெயர்கள் நினைவிலேயே நிற்கவில்லை.

நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு கதைக்கு ஆறேழு பேர்தான் வேலை செய்வார்கள். ஒவ்வொருவருக்கும் பிறரிடம் இல்லாத ஆற்றல் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது குழுவின் விதி. அதனால் எந்தப் பொருளையும் தின்று செரிக்கும் மேட்டர்-ஈட்டர் லாட், உடலை ஊதிக்கொண்டு பந்துபோல் துள்ளும் பவுன்ஸிங் பாய் போன்றவர்களும் உள்ளே வந்தார்கள். விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்கள் சிலர் 1963இல் மாற்று வீரர்களின் குழு ஒன்றைத் தாங்களாகவே அமைத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவனான ஸ்டோன் பாயின் ஆற்றல் அசையாத கல்லாகிவிடுவது. நிராகரிப்பு என்பது இந்தத் தொடரில் முக்கியமான கருப்பொருள். பல்லாண்டு கழித்து அது வேறு முகத்தோடு திரும்பி வருகிறது.

தலைவர் யார் என்பதை வாசகர்கள் கடிதம் எழுதி வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் இருந்தது. இந்த வாசகர்கள் பாத்திரங்களின் மீது சொந்தம் கொண்டாடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

லைட்னிங் லாட் செத்தானா, இல்லையா?

செத்தான், மீண்டான். 1963 ஜனவரி தேதியிட்ட 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 304ஆம் இதழில், வரவிருக்கும் போரில் உறுப்பினர் ஒருவர் இறப்பார் என்று சாட்டர்ன் கேர்ள் முன்கூட்டி அறிகிறாள். அது தானாகவே இருக்கட்டும் என்று முடிவுசெய்து, தலைமைப் பதவியைப் பிடித்து, பிறர் தங்கள் ஆற்றலைப் பயன்படுத்தக் கூடாது என்று காரணம் சொல்லாமல் ஆணையிடுகிறாள். எல்லாரும் அவளைப் பதவிவெறி பிடித்தவள் என்று நினைக்கிறார்கள். லைட்னிங் லாட் மட்டும் உண்மையைக் கண்டுகொண்டு, அவளை முந்திப் பகைவன் கப்பலை நோக்கிப் பறந்து உயிரை விடுகிறான்.

அதே ஆண்டு 312ஆம் இதழில், மின்னலைத் தன் உடல் வழியே அவனுக்குள் செலுத்தி ஒருவர் உயிர் கொடுத்தால் அவன் எழுவான் என்று தெரிகிறது. தோழர்கள் இடியும் மழையுமான இடத்தில் ஆளுக்கொரு கம்பியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மின்னல் யார்மீது இறங்கும் என்று தெரியாமல் காத்து நிற்கும் காட்சி இன்றும் என்னை நிறுத்தி வைக்கிறது. மின்னல் தன்னைத் தேடி வரும்படி சாட்டர்ன் கேர்ள் இரகசியமாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறாள். ஆனால் அவள் வடிவம் எடுத்து அவளிடத்தில் நின்று சாவது, நினைத்த உருவெடுக்கும் புரோட்டி என்ற வளர்ப்புப் பிராணி. இந்தப் புரோட்டியை மறந்துவிடாதீர்கள். கடைசிக் கேள்வியில் அது மறுபடி வருகிறது.

இவர்கள் பெரியவர்களாகிவிட்ட கதை ஒன்று உண்டாமே? அதன்படியா பிறகு எல்லாம் நடந்தது?

பாதி நடந்தது. 1967இல் ஷூட்டர் எழுதிய இரண்டு இதழ்க் கதையில், சூப்பர்மேன் நடுவயது லீஜியனைக் காணச் செல்கிறார். அங்கே உயிர்நீத்தவர்களின் சிலைகள் நிற்கும் மண்டபம் இருக்கிறது. சில சிலைகள் அதுவரை எந்தக் கதையிலும் வந்திராத வீரர்களுடையவை. அவர்களுள் கெமிக்கல் கிங், ஏழாம் உலகப் போரைத் தடுத்து இறந்தவன் என்று எழுதியிருந்தது. பின்னர் வந்தவர்கள் அதைக் கடனாகவே ஏற்று, கெமிக்கல் கிங்கை 1968இல் குழுவில் சேர்த்து, 1977இல் சொன்னபடியே சாகடித்தார்கள். ஒன்பது ஆண்டுகள் அந்தப் பையன் தன் சிலை எழுதப்பட்டிருப்பது தெரியாமல் ஓடியாடிக்கொண்டிருந்தான் என்று நினைத்துப் படித்தால், இடைப்பட்ட இதழ்களின் நிறமே மாறிவிடுகிறது.

ஆனால் அதே மண்டபத்தில் சிலையாக இருந்த ஷேடோ உமன், ஷேடோ லாஸ் என்ற பெயரில் வந்து சேர்ந்து, சாகவே இல்லை. கடைசியில், அந்தப் பெரியவர்கள் கதை நிகழக்கூடிய எதிர்காலங்களுள் ஒன்று மட்டுமே என்று அறிவித்து, சிக்கலிலிருந்து மீண்டார்கள்.

இவ்வளவு நன்றாகப் போன தொடரை ஏன் கலைத்தார்கள்?

லீஜியனைக் கலைக்க வேண்டும் என்று யாரும் கிளம்பவில்லை. எழுபதுகளில் விற்பனையாகி, எண்பதுகளின் தொடக்கத்தில் பால் லெவிட்ஸ், கீத் கிஃபன் இருவரின் கையில் நிறுவனத்தின் முன்னணித் தொடர்களுள் ஒன்றாக அது உயர்ந்திருந்தது. வேலை நடந்தது பக்கத்து வீட்டில். 1985–86இல் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற 12 இதழ்க் கதை, டிசி கதைகளில் இணையாக இருந்த பல பூமிகளை ஒரே பூமியாகச் சுருக்கியது. அதையடுத்து 1986இல் ஜான் பைர்ன் சூப்பர்மேனின் வரலாற்றை முதலிலிருந்து திருத்தி எழுதினார். புதிய வரலாற்றில் கிளார்க் கென்ட் வளர்ந்து ஆளான பிறகே முதன்முறையாகச் சூப்பர்மேன் உடையணிந்தார். அதாவது சூப்பர்பாய் என்று ஒருவன் இருந்ததே இல்லை.

சூப்பர்மேன் கதைக்கு அது நல்ல முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 247ஆம் இதழில் மூன்று பேர் யாரைத் தேடி ஸ்மால்வில் போனார்கள், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குழுவில் இருந்தவன் யார் என்ற கேள்விக்கு லீஜியன்தான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

பாக்கெட் யுனிவர்ஸ் என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

அந்தக் கேள்விக்கு 1987இல் தந்த முதல் பதில். காலத்தின் முடிவில் வாழும் டைம் டிராப்பர் என்ற பகைவன், லீஜியன் போற்றும் சூப்பர்பாய் கதையை அறிந்து, ஒரு ஸ்மால்வில்லும் ஒரு சூப்பர்பாயும் மட்டும் இருக்கும் குட்டிப் பிரபஞ்சத்தை உருவாக்கி வைத்தான். கடந்தகாலத்துக்குப் போகும்போதெல்லாம் லீஜியன் தங்களை அறியாமல் அங்கேதான் போய்வந்தார்கள். உண்மை வெளிப்படும்போது, தன் ஊரைக் காப்பாற்ற வேண்டுமானால் தோழர்களைக் காட்டிக்கொடு என்று அந்தச் சூப்பர்பாய் மிரட்டப்படுகிறான். முடிவில் ஊரையும் தோழர்களையும் காப்பாற்றி, அவர்கள் முன்னிலையிலேயே இறக்கிறான்.

ஒட்டுப்போட்ட தீர்வு என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. என் கருத்து நேர்மாறானது. பழைய கதைகள் நடந்தவையாகவே நின்றன. ஏமாற்றியவன் கதைக்குள்ளேயே இருந்தான். இழப்பும் கதைக்குள்ளேயே நேர்ந்தது. அந்த மரணத்துக்குப் பழிவாங்க நால்வர் இரகசியமாகக் கூடிச் சதி செய்யும் அடுத்த ஓராண்டுக் கதை, திருத்தம் ஒன்று எப்படிக் கதையாக முடியும் என்பதற்கு நல்ல சான்று.

1989 இறுதியில் வந்த முதல் இதழைத் திறந்தால் யாரையுமே அடையாளம் தெரியவில்லையே?

தெரியாமல் இருக்கும்படிதான் எழுதியிருக்கிறார்கள். கிஃபன், டாம்–மேரி பியர்பாம் தம்பதியர், ஆல் கார்டன் ஆகியோர் கதையை ஐந்து ஆண்டுகள் முன்னால் தள்ளி வைத்துத் தொடங்கினார்கள். லீஜியன் கலைந்துவிட்டது, பூமி அந்நியர் பிடியில் இருக்கிறது, வீரர்களுக்கு உடையும் இல்லை, புனைபெயரும் இல்லை. பக்கத்துக்கு ஒன்பது கட்டங்கள், பாதி முகம் நிழலில், இடையிடையே கடிதங்களும் அறிக்கைகளும். ரோக், இம்ரா என்று இயற்பெயரால் அழைத்துக்கொள்பவர்களைப் பழைய வாசகனே விரல்விட்டு எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் முதன்முறை இருபது பக்கத்தில் மூடிவைத்தேன். பத்து ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது கீழே வைக்க முடியவில்லை.

இதன் நடுவே இன்னோர் இடி விழுந்தது. பாக்கெட் யுனிவர்ஸ் சூப்பர்பாயைக்கூடக் குறிப்பிடக் கூடாது என்று நிறுவனத்துக்குள் முடிவாகிவிட்டது. நான்காம் இதழில் லீஜியன் வீரன் மான்-எல் டைம் டிராப்பரைக் கொல்ல, அவனால் நடந்தவை எல்லாம் அவனோடு அழிந்து, வரலாறே மறைகிறது. ஐந்தாம் இதழ், லீஜியனே தோன்றாமல் மோர்ட்ரு என்ற மந்திரவாதி ஆளும் ஓர் உலகத்தைக் காட்டுகிறது. ஆறாம் இதழிலிருந்து வரலாறு திரும்பிவிட்டது. ஆனால் சூப்பர்பாயின் இடத்தில் வேலர், சூப்பர்கேர்ளின் இடத்தில் லாரல் காண்ட், டைம் டிராப்பரின் இடத்தில் குளோரித் என்று ஆட்கள் மாறியிருந்தார்கள். முப்பது ஆண்டுக் கதைகளை இந்தப் பெயர்களைப் போட்டு மனத்துக்குள் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள் என்று வாசகனிடம் விட்டுவிட்டது, முந்தைய தீர்வோடு ஒப்பிட்டால் மிகவும் ஏழ்மையானது.

மான்-எல், வேலர், எம்'ஓனெல்: மூவரும் ஒருவர்தானா?

மூவருமே டாக்ஸம் கிரகத்தின் லார் காண்ட்தான், தொடர்ச்சிதான், அதாவது கதை வரலாறுதான் வேறு. 1961இல் வந்த முதல் வடிவில், நினைவிழந்து ஸ்மால்வில்லில் இறங்கியவனைத் தன் அண்ணன் என்று தவறாக நினைத்த சூப்பர்பாய், அன்று திங்கட்கிழமை என்பதால் 'மன்டே'யின் முதல் பகுதியையும் தன் குடும்பப் பெயரையும் சேர்த்து மான்-எல் என்று பெயர் வைத்தான். ஈய நச்சால் சாகவிருந்தவனை ஃபாண்டம் ஸோன் என்ற உருவமற்ற உலகத்துக்கு அனுப்பினார்கள். ஆயிரம் ஆண்டுகள் உருவமற்றுக் காத்திருந்து, லீஜியன் மருந்து கண்டுபிடித்த பின்தான் வெளியே வந்தான்.

சூப்பர்பாய் இல்லாத வரலாற்றில் அந்தப் பெயரை வைக்க ஆளில்லை. எனவே வேலர் ஆனான், லீஜியனுக்கு முன்மாதிரியும் ஆனான். 1994க்குப் பிந்தைய வடிவில், பல கிரகங்களில் மக்களைக் குடியேற்றிய தெய்வமாகவே அவனை வணங்குகிறார்கள். தன் அடையாளத்தை மறைக்க எம்'ஓனெல் என்ற பெயரை ஏற்கிறான்.

ஒரே நேரத்தில் இரண்டு லீஜியன் இருந்ததாமே? எது அசல், எது நகல்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பூமிக்கடியிலிருந்த அறைகளில் லீஜியனின் இளவயது வடிவங்கள் உயிரோடு கிடைத்தன. அவர்களுக்கு எஸ்டபிள்யூ6 அணி என்று பெயர். 1993இல் 'லீஜியனேர்ஸ்' என்ற தனி இதழும் கிடைத்தது. எது நகல் என்ற கேள்வியை எழுத்தாளர்களே நீண்டநாள் திறந்து வைத்திருந்தார்கள். 1994இல் அந்தத் தொடர்ச்சியே முடிவுக்கு வந்தபோது, இரு அணிகளும் ஒன்றாகக் கலந்து வெண்மையில் கரைந்துபோனார்கள்.

ரீபூட், த்ரீபூட் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ரீபூட் என்பது 1994 அக்டோபர் தேதியிட்ட பூஜ்ஜியம் எண் இதழில் தொடங்கியது. 1958 முதல் எழுதியதை ஒதுக்கிவிட்டு, மூவர் பிராண்டைக் காப்பாற்றும் காட்சியிலிருந்து புதிதாக எழுதினார்கள். லைட்னிங் லாட் லைவ் வயர் ஆனான். அதிவேக வீரன் ஃபிளாஷின் பேத்தி எக்ஸ்எஸ், பூச்சியினத்தைச் சேர்ந்த கேட்ஸ் போன்ற புதியவர்கள் வந்தார்கள். த்ரீபூட் என்பது மூன்றாவது தொடக்கம் என்ற பொருளில் ரசிகர்கள் வைத்த பெயர். 2004 இறுதியில் மார்க் வெய்டும் பாரி கிட்சனும் மறுபடியும் எல்லாவற்றையும் அழித்துத் தொடங்கினார்கள். ரீபூட்டின் தொடக்க இதழ்களை எழுதியவர்களுள்ளும் வெய்ட் ஒருவர் என்பது வேடிக்கை. இந்த வடிவில் லீஜியன் ஒரு குழு மட்டுமல்லாமல், எல்லாவற்றையும் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் பெரியவர்களின் சமூகத்துக்கு எதிரான இளைஞர் இயக்கம். முன்மாதிரி தேடி அவர்கள் புரட்டுவது பழைய காமிக்ஸ் இதழ்களையே.

வேறுபாட்டை உணர ஒரே பாத்திரத்தை மூன்று வடிவிலும் படிப்பது நல்ல வழி. மூவராகப் பிரியும் லூர்னுவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தொடரில், 1966இல் அவளுடைய மூன்று உடல்களுள் ஒன்று கொல்லப்பட, டிரிப்ளிகேட் கேர்ள் அன்றிலிருந்து டுவோ டாம்ஸல் ஆகிறாள். ரீபூட்டில் மூன்று உடல்களுக்கும் மூன்று சுபாவங்கள். த்ரீபூட்டில் அவளுடைய கிரகத்தில் இருக்கும் எல்லாருமே அவள்தான். கொலாஸல் பாய் வடிவம் எனக்கு இன்னும் பிடிக்கும்: அவன் இராட்சதர் இனத்தில் பிறந்தவன், அவனுடைய ஆற்றல் நம் உயரத்துக்குச் சுருங்குவது, ஆகவே தன்னை மைக்ரோ லாட் என்று அழைக்கும்படி கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

2007இல் பழைய லீஜியனே திரும்பி வந்தது என்கிறார்கள். அதே ஆட்களா?

ஏறத்தாழ அதே ஆட்கள். கிரைசிஸ் காலம் வரையான பழைய வரலாறு நடந்தது, ஐந்தாண்டுக்குப் பின் கதை நடக்கவில்லை என்று கொண்டால் பொருந்தும் குழு இது. ஜெஃப் ஜான்ஸ் எழுதி கேரி ஃபிராங்க் வரைந்த 'ஆக்ஷன் காமிக்ஸ்' 858 முதல் 863 வரையான இதழ்களில் இவர்களைப் பார்க்கலாம். அந்தக் கதையின் எதிர்காலப் பூமி, சூப்பர்மேன் வேற்றுக்கிரகத்தவர் அல்லர், இந்த மண்ணில் பிறந்த மனிதர் என்று வரலாற்றைத் திரித்து, அந்நியரை வேட்டையாடுகிறது. அதை நடத்துபவர்கள், லீஜியனில் சேர விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்கள். நிராகரிப்பு வேறு முகத்தோடு வரும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

அப்படியானால் மூன்றில் எது 'உண்மையான' லீஜியன்?

2008–09இல் ஜான்ஸ் எழுதி ஜார்ஜ் பெரேஸ் வரைந்த 'லீஜியன் ஆஃப் 3 வேர்ல்ட்ஸ்', மூன்றும் உண்மை என்று தீர்ப்பளித்தது. மூன்றும் வெவ்வேறு பூமிகளைச் சேர்ந்தவை. ரீபூட் குழுவின் அழிந்துபோன பூமிக்கு வைத்த எண் 247. எண் எங்கிருந்து வந்தது என்பது இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படித்தவர்களுக்குத் தெரியும். கதை முடிவில் வீடற்ற ரீபூட் குழு பிரபஞ்சங்களுக்கிடையே அலையப் புறப்படுகிறது. அவர்களுள் கேட்ஸ் பழைய குழுவோடு தங்கிவிட, 2010க்குப் பின் லெவிட்ஸ் திரும்பி வந்து எழுதிய இதழ்களிலும் அவனைக் காணலாம்.

'லீஜியன் 38ஆம் இதழைப் படி' என்று ஒருவர் சொன்னார். எந்த 38?

இந்தத் தொடரின் குழப்பத்தை ஒரே எண்ணில் காட்டச் சொன்னால் நானும் 38ஐத்தான் காட்டுவேன். 1984இல் தொடங்கிய வரிசையின் 38இல் சூப்பர்பாய் சாகிறான். 1989இல் தொடங்கிய வரிசையின் 38இல் பூமி வெடித்துச் சிதறுகிறது. 2001இல் 'த லீஜியன்' என்ற பெயரில் தொடங்கிய வரிசைக்கு 38தான் கடைசி இதழ். ரீபூட் தொடர் அதோடு முடிகிறது. த்ரீபூட் வரிசையின் 38, நரைத்த தலையோடு திரும்பி வந்த ஜிம் ஷூட்டர் எழுதியது. யார் சொன்னாலும், எந்த ஆண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதழ் எண் மட்டும் இங்கே எதற்கும் உதவாது.

இப்போது இருப்பது எது?

2013இல் தொடர் நின்று சில ஆண்டுகள் இடைவெளி விழுந்தது. 2019இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ், ரயன் சூக் இருவரும் மறுபடியும் புதிதாகத் தொடங்கினார்கள். இதில் அழைக்கப்படும் சூப்பர்பாய், சூப்பர்மேனின் மகன் ஜோனதன் கென்ட். உருவிய கல்லின் இடத்தில் அதே பெயர் கொண்ட வேறொரு கல்லை வைத்த இந்த யோசனை நேர்த்தியானது. ஆனால் அறிமுகங்களிலேயே 12 இதழ்களும் கழிந்து, தொடர் நின்றுவிட்டது. 2022இல் டிசியின் மற்றொரு வீரர் குழுவான ஜஸ்டிஸ் லீக்கோடு மோதும் ஆறு இதழ்க் கதை ஒன்று வந்தது.

சரி, நான் எங்கேதான் தொடங்குவது?

1982இல் வந்த 'த கிரேட் டார்க்னஸ் சாகா'வில் தொடங்குங்கள். முன்கதை அதிகம் தேவைப்படாது. பகைவன் யார் என்பது மெல்ல மெல்ல வெளிப்படும். மான்-எல் பிறந்த டாக்ஸம் கிரகத்தின் மக்கள் அனைவரும், ஒவ்வொருவரும் சூப்பர்மேனுக்கு நிகரான ஆற்றலோடு, ஒருவனுடைய மனத்துக்கு அடிமையாகிப் பறந்து வரும் பக்கத்தை மறக்க மாட்டீர்கள். அது பிடித்தால், விண்வெளியின் தொலைதூரத்தில் சிலர் மட்டும் சிக்கிக்கொள்ளும் 'லீஜியன் லாஸ்ட்', 2000இல் தொடங்கியது, 12 இதழ்கள். மூன்றாவதாக வெய்ட்–கிட்சனின் முதல் ஆறு இதழ்கள். ஐந்தாண்டுக்குப் பின் கதையைத் தொடக்கமாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பழையவர்களை நேசித்தவர்களுக்குத்தான் அந்த இழப்பு புரியும். 1958 முதல் வரிசையாகப் படித்தே தீருவேன் என்பவர்கள், ஒரு நாளைக்கு இரண்டு கதைக்கு மேல் படிக்காமல் இருப்பது நல்லது.

சாட்டர்ன் கேர்ள் கல்யாணம் செய்துகொண்டது லைட்னிங் லாடையா, புரோட்டியையா?

இதைக் கேட்பவர் உண்மையிலேயே ஆழமாகப் படித்தவர். 1978இல் இம்ராவுக்கும் கார்த்துக்கும் திருமணம் நடந்தது, குழந்தைகளும் பிறந்தன. ஐந்தாண்டுக்குப் பின் காலத்து எழுத்தாளர்கள், 1963இல் அந்த மின்னல் மழையில் திரும்பி எழுந்தது கார்த்தின் உடல் மட்டுமே, உள்ளே வந்தது புரோட்டியின் உயிர் என்று எழுதினார்கள். அப்படியானால் கார்த் ரான்ஸ் தொடரின் தொடக்க ஆண்டுகளிலேயே இறந்துபோனவன். இம்ரா முப்பது ஆண்டுகளாக நேசித்தது, தனக்காக உயிர்கொடுக்க முன்வந்த வேறொரு ஜீவனை. ஏற்கெனவே நடந்ததாக எழுதிய எதையும் இது மாற்றவில்லை. ஒரு கட்டத்தைக்கூட மறுபடி வரைய வேண்டியதில்லை. அதனாலேயே இந்தத் தொடரில் செய்த திருத்தங்களுள் இதுவே துணிச்சலானது என்று நினைக்கிறேன். அருவருப்பானது என்று புத்தகத்தை மூடிய நண்பர்களும் எனக்கு உண்டு.

ரீபூட்டிலும் த்ரீபூட்டிலும் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2007இல் திரும்பிய குழு ஐந்தாண்டுக்குப் பின் கதையை ஏற்காததால், அங்கே இருப்பவன் கார்த் என்றே கொள்ளலாம். ஆனால் ஒருமுறை அந்தக் கதையைப் படித்துவிட்டு 312ஆம் இதழுக்குத் திரும்பிப் போய், கண்ணைத் திறந்து எழும் லைட்னிங் லாடின் முகத்தை மட்டும் பாருங்கள். பிளாட்டினமோ ஈயமோ என்று தேய்த்துப் பார்ப்பதுபோல நான் அந்தக் கட்டத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், இன்னும் முடிவு செய்யவில்லை.